கொட்டாஞ்சேனையில் கொடுத்து வைத்த போன்

கொழும்பு விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த எண்தான். கடல் தாண்டி வந்தும் விடவில்லையே என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். கவுண்டரில் இருந்தவர், "சுற்றுலாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கூட்டம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

அந்த எண் யாருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு கடலோரப் பகுதிக்கு நான் மாவட்டக் கல்வி அலுவலர். அடைமழை பெய்த ஒரு காலையில் என் பள்ளிக்கூடம் ஒன்றின் சுற்றுச்சுவர் சரிந்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் திவ்யாவின் கால் இரண்டு இடத்தில் உடைந்துபோனது. சுவர் வெடித்திருக்கிறது என்று தலைமை ஆசிரியை மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றிலும் நான் 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பியதோடு சரி. அன்று ஆஸ்பத்திரியில் இருந்து திவ்யாவின் அம்மா சாந்தி கூப்பிட்டபோது, "சாயங்காலம் வந்து பார்க்கிறேம்மா" என்றேன். போகவில்லை. விசாரணை முடிகிறவரை அந்தக் குடும்பத்தோடு பேச வேண்டாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாற்பது நாளாக அந்த எண் அடிக்கிறது, நான் எடுப்பதில்லை.

கொழும்புக்கு வர அனுமதி, சுவர் விழுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. இங்கே வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வலயம் என்பது நம்ம ஊர்க் கல்வி மாவட்டம் மாதிரி. கஷ்ட காலத்தில் சங்கம் எப்படித் துணை நின்றது என்று இரண்டு நாள் பேசுகிறார்கள், எங்கள் சங்கத்திலிருந்தும் ஒருவர் வரட்டும் என்று அழைப்பு. எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்ல, என் தலையில் கட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. ஆபீஸ் நாற்காலியைவிட எந்த நாற்காலியும் தேவலை என்ற நிலையில் இருந்தேன்.

தங்கியது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில். அறைக்குப் பின்னால் தண்டவாளம், அதற்குப் பின்னால் கடல். ரயில் போனால் மேசைமேல் இருக்கும் தம்ளர் நடுங்கும். காலி வீதி என்கிற பெரிய சாலைக்கு ஏறி ஒரு சைவக் கடையில் உட்கார்ந்தேன். தட்டில் இடியப்பத்தை அடுக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். பழக்க தோஷத்தில் சாம்பார் கேட்டேன்.

"இடியப்பத்துக்குச் சொதிதான் ஐயா. ஒருக்கா விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்றார் பரிமாறியவர்.

தேங்காய்ப்பால் சொதி, தேங்காயும் மிளகாயும் இடித்த இடிசம்பல். நாக்குக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ருசித்துச் சாப்பிடுகிற மனசு வேண்டுமே. மூன்றாவது இடியப்பத்தில் போன் மறுபடி துடித்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெளியே சிவமலர் நின்றிருந்தார். சங்கத்தின் செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் பிளாட் வாங்கிக் குடியேறி இருபது வருஷம் ஆகிறதாம். பருத்திச் சேலை, தோளில் பெரிய பை, காலில் ஓடுகிற மாதிரியான சப்பாத்து.

"என்ன, நல்லாக் களைச்சுப் போனியள் போல கிடக்கு?"

"பிரயாணம், மேடம்."

"ஒரு மணித்தியாலப் பறப்புக்கு இவ்வளவு களைப்போ?" என்றார். நான் கேட்காத மாதிரி பஸ்ஸைப் பார்த்தேன்.

அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊர் மினி பஸ் டிரைவர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன், அத்தனையும் வாபஸ். ஏறிக் கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி அடுத்த பகுதியான பம்பலப்பிட்டியைத் தொட்டுவிட்டது. நடத்துநர் சிவமலரை 'அக்கே' என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவரும் அதே வேகத்தில் பதில் கொடுத்தார். என்னவென்று கேட்டேன். "'ஐயாவை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ, புதுசு போல' எண்டான். 'புதுசில்லை, பழசு, அதாலதான் ஆடுது' எண்டன்" என்றார். நாற்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

புறக்கோட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது பேர் போல இருந்தார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஓடியது. நம்ம ஊரில் இப்படி ஒரு கூட்டம் என்றால் பொன்னாடை, வரவேற்புரை, விட்டுப்போன பெயர்களுக்கு மன்னிப்பு என்று முதல் ஒன்றரை மணி நேரம் போய்விடும். இங்கே பால் சேர்க்காத பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு சிவமலர் நேராகக் கேட்டார்.

"இப்ப ஆருக்குப் பிரச்சினை ஓடுது?"

இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். ஒருவர் தன் போனை எடுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். இன்னொரு அம்மாளும் அப்படியே கொடுத்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

விளையாட்டில்லை, வழக்கம். என் பக்கத்தில் இருந்த ரிஸ்வி அதை விளக்கினார். அவரும் வலயக் கல்விப் பணிப்பாளர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை, பரீட்சைக்குப் பேப்பரும் இல்லை என்று நாடு தத்தளித்த வருஷத்தில் அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறையாம்.

"டீச்சர்மார் கோல், பேரன்ட்ஸ் கோல், மினிஸ்ட்ரி கோல். எடுத்தா என்னத்த சொல்ற சேர்? என்ட கையில ஒண்ணுமில்லயே. ஃபோன அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடி வெச்ச. என்ட வைஃப் சோறாக்கப் போனா அரிசி பேசுது."

அப்போது பக்கத்து வலயத்தில் இருந்த சிவமலர் சைக்கிளில் வந்து அந்த போனை வாங்கிக்கொண்டு போனாராம். இரண்டு நாள் எல்லா அழைப்பையும் அவரே எடுத்தார். அதிலிருந்து சங்கத்தில் இது நடைமுறை ஆகிவிட்டது. வெள்ளமோ, விசாரணையோ, வாசலில் மறியலோ, யாருக்கு இடி விழுந்தாலும் இன்னொருவர் போய் இரண்டு நாளைக்கு அவருடைய போனை வாங்கிக்கொள்வார். வருகிற அழைப்பை எடுக்க வேண்டும், கொப்பியில், அதாவது நோட்டில், எழுத வேண்டும். வாதாடக் கூடாது, வாக்குக் கொடுக்கக் கூடாது, மெசேஜ் வாசிக்கக் கூடாது. இரண்டாம் நாள் சாயங்காலம் போனும் கொப்பியும் சொந்தக்காரர் கைக்கு வந்துவிடும். அவ்வளவுதான் சட்டம்.

"உங்களுக்கு ஏதும் பிரச்சினை ஓடுதோ ஐயா?" என்று சிவமலர் என்னைக் கேட்டார்.

"இல்லையே" என்றேன். அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்த போன் கிடுகிடுவென்று ஆட்டம் போட்டது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"சேர்ட ஃபோனுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் ரிஸ்வி.

சிவமலர் கையை நீட்டினார். கட்டாயப்படுத்தவில்லை, நீட்டியபடி நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஊரில் போனைக் கொடுப்பதா? ஆனால் கை தன்பாட்டில் கொடுத்துவிட்டது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

அன்று முழுக்க வெறும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தேன். ரிஸ்வி வீட்டிலிருந்து வந்த வட்டலப்பத்தைச் சர்க்கரை வியாதியை மறந்து இரண்டு துண்டு சாப்பிட்டேன். அறைக்கு வந்து எட்டு மணிக்குப் படுத்தவன்தான், விடியும்வரை எந்த ரயிலும் என் காதில் விழவில்லை.

மறுநாள் காலை ரயிலில் நானே வந்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கே ரிஸ்வி காத்திருப்பார். சின்னப் பிள்ளைகூடச் செய்கிற காரியம். கூட்டத்தில் எப்படியோ ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. கடல் காற்று முகத்தில் அடித்தது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தவன் மறுபடி தூங்கிவிட்டேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். பெட்டி காலி. வெளியே பழைய ரயில் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. தட்டியவர் ரயில்வே தொழிலாளி, கையில் சோற்றுப் பொதி.

"தெமட்டகொடை, மாத்தயா. எங்கே போகணும்?" என்று சிங்களத்தில் கேட்டிருக்க வேண்டும். "கோட்டை" என்றேன். வந்த திசையைக் கையால் காட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நான் பையைத் தடவுவதைப் பார்த்து, தன் போனையே எடுத்து நீட்டினார்.

யாரைக் கூப்பிடுவது? ரிஸ்வி எண் தெரியாது. சிவமலர் எண் தெரியாது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் மனைவியின் எண் மனப்பாடமில்லை. எல்லாம் அந்த போனுக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இரண்டே எண்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று, நாற்பது நாளாகத் திரையில் பார்த்துப் பார்த்தே மனசில் பதிந்துபோன சாந்தியின் எண். அதை நினைத்ததும் அந்த ஸ்டேஷனில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

என் எண்ணைச் சொன்னேன். அவர் வாட்ஸ்அப்பில் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம். ஐயா ரெண்டு நாளைக்கு ஓய்வில இருக்கிறார். உங்கட பேரையும் என்ன வேணும் எண்டதையும் சொல்லுங்கோ, எழுதி வைக்கிறன்."

என் போனை இவ்வளவு மரியாதையாக யாரும் எடுத்து நான் கேட்டதில்லை.

"நான்தான் மேடம்."

"தமிழ்நாட்டில இருந்து கோல் எடுக்கிற எல்லாரும் 'நான்தான்' எண்டுதான் சொல்லுகினம். எந்த நான்?"

"போன்காரன்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "எங்க நிக்கிறியள்?"

"தெமட்டகொடை."

"ஐயோ கடவுளே! அங்கயே நில்லுங்கோ. ரிஸ்வியை அனுப்புறன். பொறுங்கோ, முதல்ல எழுதுறன்."

உண்மையாகவே எழுதினார். பிறகு கொப்பியில் பார்த்தேன்: 'காலை எட்டே முக்கால். ஐயாவே. தெமட்டகொடையில் நிற்கிறார். ஆளனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்று.'

ரிஸ்வி வரும்வரை அந்தத் தொழிலாளி என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொதியைப் பிரித்து ஒரு மாலு பாணை எடுத்து நீட்டினார், மீன் அடைத்த பன். நான் சைவம். சைகையில் சொன்னேன். மீனை அவர் எடுத்துக்கொண்டு, பன்னை எனக்குக் கொடுத்தார்.

அன்று பகல் நான் பேச வேண்டிய முறை. எங்கள் சங்கத்தின் சாதனைகள் என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன்: பதவி உயர்வு வழக்கு, ஊதிய முரண்பாடு, இடமாற்றல் விதிகள். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சுவர் விழுந்த கதையைச் சொன்னேன். சங்கம் எனக்கும் உதவியது என்றேன். நல்ல வக்கீலைக் காட்டினார்கள். விளக்கக் கடிதத்தில் எந்த வாக்கியத்தை எழுதக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லி முடித்து உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. யாரோ பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

சாயங்காலம் வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்தைத் தாண்டிக் கருங்கல் மேல் உட்கார்ந்து, சிவமலர் போனையும் கொப்பியையும் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. கூப்பிட்டவர், கேட்டது, பதில் என்று மூன்று பத்தி. பாதி அழைப்புகள் ஒன்றுமில்லாதவை. சீருடை அளவு, ஆண்டு விழா அழைப்பிதழ், யாரோ ஒருவரின் நிலம் விற்பனை. இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று இருந்தது. நடுவில் எங்கள் மேலதிகாரி, இணை இயக்குநர்.

'ஐயாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டார். களைத்துப் போனார் என்றேன். களைத்துப் போனதற்கெல்லாம் லீவு கிடையாது என்றார்.'

"அப்படியே எழுதிட்டீங்களே!"

"சொன்னதைத்தானே எழுத வேணும்?"

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். கீழே கோடு போட்டிருந்தது. 'சாந்தி. திவ்யாவின் தாய். நாலு தரம் கோல் எடுத்தார். பிள்ளை பொதுத்தேர்வு எழுத வேண்டும். மண்டபம் இரண்டாம் மாடி. கீழ் அறையில் எழுத அனுமதி வேண்டும். கடிதம் உங்கள் கந்தோரில் கிடக்கிறதாம். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.'

திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்டு என் ஆபீஸுக்கு வருகிற காகிதம் எதையும் நான் பிரிப்பதில்லை. மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவேன். திட்டத்தான் கூப்பிடுகிறாள், சாபம் கொடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நாற்பது நாள் நினைத்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். சலுகைக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதி போன வாரமே முடிந்துவிட்டது.

"ஏசினாங்களா?" என்று கேட்டேன்.

"ஏசேல்லை. ஏசியிருந்தா எனக்கும் சுகமாயிருந்திருக்கும்" என்றார் சிவமலர். பிறகு எழுந்து தள்ளிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் இணை இயக்குநரைக் கூப்பிட்டுத் திவ்யாவுக்குக் கீழ் அறை கேட்டேன். காலதாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார். என்னிடம்தான் கிடந்தது என்றேன். "திங்கக்கிழமை நேர்ல வாங்க. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்க. சிறப்பு அனுமதி கேட்டுப் பார்ப்போம். ஆனா அந்தப் பேப்பர் உங்க விசாரணை ஃபைலுக்கும் போகும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். 'என்னிடம்தான் கிடந்தது.' எழுதவே கூடாது என்று சங்கத்தில் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அதுதான்.

பிறகு அந்த எண். நாற்பது நாளாக அது என்னைக் கூப்பிட்டது, இன்று நான் கூப்பிட்டேன்.

"அம்மா, வணக்கம்மா" என்றார் சாந்தி எடுத்த உடனே.

"நான் டி.இ.ஓ. பேசறேம்மா."

பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அந்த அம்மா இல்லீங்களா சார்? அவங்க எழுதிக்கிறேன்னாங்க."

"எழுதியிருக்காங்கம்மா. நானும் எழுதிக்கிறேன், சொல்லுங்க."

சொன்னார். இறால் கம்பெனியில் வேலை, ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு, மூன்று தடவை ஆபீஸுக்கு வந்து திரும்பிப் போயிருக்கிறார். "மாடிக்கு நானே தூக்கிக்கிட்டுப் போயிருவேன் சார். அவதான் வெக்கப்படுறா. ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்கல்ல." பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், தேதி தாண்டிவிட்டது, திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறேன், கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். மன்னிச்சிருங்கம்மா என்றும் சொன்னேன்.

"நாளைக்கு அடிச்சா எடுப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"எடுப்பேம்மா."

மறுநாள் காலை சிவமலர் வழியனுப்ப வரவில்லை. இன்னொருவருடைய போன் கையில் இருக்கிறது, வர ஏலாது என்று சொல்லியனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றி, பர்ஸ், கண்ணாடி எல்லாவற்றையும் தட்டில் போட்டு, போனையும் போடப் போனபோது அது துடித்தது. அந்த எண். காவலாளி சிங்களத்தில் அதட்டினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எடுத்தேன்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்ல சார்" என்றார் சாந்தி. "எடுக்கிறீங்களான்னு பாத்தேன்."

வைத்துவிட்டார்.